கூப்பிடாமல் வாறவர்

எங்கட பக்கம் செத்தவீடு எண்டால், பிரேதம் மண்டபத்துக்கு வாறதுக்கு முன்னமே அந்த மனுசன் வந்து நிக்கும். ஆர் சொன்னது, எப்பிடித் தெரியும், ஒருத்தருக்கும் விளங்காது. வெள்ளைச் சேட்டு, கறுத்தக் களுசான், கையிலை ஒரு கடைப் பை. வாறவைக்குக் கதிரை இழுத்துப் போடும். வயசுபோன ஆக்களின்ர குடையை வாங்கி மடிச்சு மூலையிலை சாத்தும். தேத்தண்ணி குடிச்ச பேப்பர்க் கோப்பையளைப் பொறுக்கி ஒண்டுக்குள்ளை ஒண்டாய் அடுக்கும். எல்லாம் முடிஞ்சு சனம் சாப்பாட்டுக்கு வெளிக்கிடேக்கை திரும்பிப் பாத்தால் ஆள் இராது.

இப்ப நினைச்சாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். ரெண்டு வருசம் அந்த மனுசனுக்காக ஓடி ஓடிக் கடுதாசி சேர்த்தவள் நான். வேலையாலை வந்து காலை நீட்டிப் படுக்காமல், ஜேர்மன் அகராதியோடை குந்தியிருந்து படிவம் நிரப்பினவள் நான். அதெல்லாத்தையும் ஒரு காலமையிலை பாழாக்கிப்போட்டுப் போச்சு. ஆரிட்டையாவது சொல்லித் திட்டுவம் எண்டால், கேக்கிறவை அவற்ற பக்கம் சாய்ஞ்சிடுவினம் எண்ட பயத்திலை இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்.

நாங்கள் இருக்கிறது சுவிசிலை, வில் எண்ட பட்டணத்திலையிருந்து பஸ்ஸிலை போற தூரத்திலை ஒரு சின்ன ஊர். ஊரின்ர விளிம்பிலை ஆறு. ஆத்துக்கு அங்காலை இன்னொரு ஊர், அது வேற கன்டோன், வேற மாநிலம் மாதிரி. நடுவிலை பாலம். பாலத்தின்ர சரி நடுவிலை, கைபிடிச் சுவரிலை ஒரு செப்புத் தகடு அடிச்சிருக்கு, எல்லை அதுதான். இந்தக் கரையிலை இருபது தமிழ்க் குடும்பம் எண்டால் அந்தக் கரையிலையும் கிட்டத்தட்ட அவ்வளவு. முந்தி எல்லாருக்கும் ஒரே தமிழ்ப் பள்ளி, ஒரே வாணி விழா, ஒரே பொங்கல் பானை.

அந்த மனுசன் வந்தது பிந்தி. அகதி விண்ணப்பம் ரெண்டு தரம் நெகட்டிவ் எண்டு திரும்பி வந்த ஆள். திருப்பி அனுப்பவும் முடியேல்லை, வைச்சிருக்கவும் விருப்பமில்லை. அப்பிடிப்பட்ட ஆக்களுக்கெண்டு எங்கட கரையிலை ஒரு பழைய விடுதி இருக்கு. அங்கை ஒரு கட்டில், சாப்பாட்டுக்கு ஏதோ கொஞ்சம். ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைக்கவேணும். வேலை செய்யக்கூடாது. பகல் முழுக்கப் பாலத்தடி வாங்கிலை இருப்பார்.

என்ர மாமனார் மோசம் போன அண்டைக்குத்தான் நான் முதல்முதல் கண்டது. கோப்பை பொறுக்கிக்கொண்டு நிண்டவரை நாங்கள் அந்தக் கரை ஆள் எண்டு நினைச்சம், அந்தக் கரைச் சனம் எங்கட சொந்தக்காரர் எண்டு நினைச்சிருக்கு. கடைசியிலை இவர், என்ர மனுசன், போய் நீங்கள் எந்தப் பக்கம் எண்டு கேட்டிருக்கிறார். "நான் பாலத்தடி" எண்டாராம். அதோடை அவருக்குப் பேரே பாலத்தடியார் ஆயிட்டுது.

சனத்துக்கு அந்த மனுசனிலை ஒரு கூச்சம். செத்தவீட்டிலையே காணுற முகமெண்டபடியாலை நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். கலியாணவீடு, பிறந்தநாள், குடிபூரல், ஒண்டுக்கும் இல்லை. ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிடாதபடியாலை அந்த மனுசன் செத்தவீட்டுக்கு மட்டும் வரும். எது முதல் தொடங்கினது எண்டு தெரியாது. எங்கட ஆக்களிலை செத்தவீட்டுக்கு அழைப்பு எண்டு ஒண்டில்லைத்தானே, கேள்விப்பட்டால் வெளிக்கிட்டுப் போறதுதான். அந்த ஒரு வழியாலைதான் அவர் எங்களுக்குள்ளை வந்து போனவர்.

ஒருக்கால் நான் நேரையே கேட்டன், ஏனண்ணை முன்பின் தெரியாத ஆக்களின்ர செத்தவீட்டுக்கெல்லாம் போறியள் எண்டு.

"அங்கைதான் தங்கச்சி ஒருத்தரும் ஏன் வந்தனீ எண்டு கேக்கிறேல்லை."

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவரிட்டை எல்லாக் கந்தோரிலையும் கேட்ட கேள்வி அது ஒண்டுதான்.

ஆனால் ஆள் லேசுப்பட்ட ஆளில்லை. மூத்தவளின்ர சாமத்தியவீட்டுக்கு நான் அவரைக் கூப்பிடேல்லை. கூப்பிடத்தான் நினைச்சனான், மச்சாள் முகத்தைச் சுளிச்சா, விட்டிட்டன். அடுத்தநாள் மனசு கேக்காமல் பலகாரப் பெட்டியோடை பாலத்தடிக்குப் போனன். சீனி அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு, எல்லாம் நிறைய வைச்சுத்தான் கொண்டுபோனனான். பெட்டியைத் திறந்து பாத்தார், பிறகு மூடி என்ர மடியிலையே வைச்சிட்டார். "கூப்பிடாத வீட்டுப் பலகாரம் வேண்டாம் தங்கச்சி" எண்டார். கோவமில்லை, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். எனக்கு எப்பிடி இருந்திருக்கும். வீட்டை வந்து அந்தப் பெட்டியைக் குசினி மேசையிலை எறிஞ்சன். சாப்பாட்டுக்கே தாளம் போடுற மனுசனுக்கு இவ்வளவு வீறாப்பு எங்காலை வந்தது எண்டு இவரிட்டைக் கத்தினன். இவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சுக்கொண்டு போயிட்டார்.

அந்த மனுசன் வெள்ளைக்காரரின்ர செத்தவீட்டுக்கும் போகும். இஞ்சத்தை ஆக்கள் முழுக்கக் கறுப்பிலை வருவினம், இவர் மட்டும் பின்வாங்கிலை வெள்ளைச் சேட்டோடை இருப்பார். எங்கட கெமைண்டவின்ர, அதுதான் ஊராட்சியின்ர, சபையிலை இருக்கிற ஒரு அம்மாவின்ர புருசன் செத்தபோதும் போயிருக்கிறார். தேவாலயம் முடிஞ்சு எல்லாரும் போனபிறகு, மழைக்கை கிடந்த மலர்வளையங்களை ஒவ்வொண்டாய் எடுத்துக் கூரைக்குக் கீழை வைச்சாராம். அந்த அம்மா அதைக் கண்டிருக்கிறா. அவவின்ர தாய் நான் வேலைசெய்யிற முதியோர் இல்லத்திலைதான் இருந்தவ. ஒருநாள் தாயைப் பாக்க வந்தபோது என்னைக் கூப்பிட்டு, அந்த வெள்ளைச் சேட்டு மனுசன் உங்கட ஆளோ எண்டு கேட்டா. அந்த நேரம் எங்கட ஆள் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. தெரியும் எண்டு மட்டும் சொன்னன்.

அவதான் வழி சொன்னது. இத்தினை வருசம் இருந்த ஆளுக்கு, கஸ்ர நிலை எண்டு சொல்லி விசாவுக்குக் கேக்கலாம். கெமைண்ட நல்ல வார்த்தை எழுதவேணும், ஊர்ச் சனம் கடுதாசி குடுக்கவேணும், மொழிச் சோதினை பாஸ் பண்ணவேணும். பிறகு கன்டோன் அதைத் தலைநகர் பேர்ணுக்கு அனுப்பும். எல்லாத்துக்கும் மேலாலை, ஆளிலை ஒரு குற்றமும் இருக்கக்கூடாது. அந்த நேரம்தான் அவருக்கு ஒரு உத்தரவும் வந்திருந்தது, இந்த கெமைண்டவின்ர எல்லையைத் தாண்டப்படாது எண்டு. ஒரு தரம் தாண்டிப் பிடிபட்டால் விண்ணப்பத்தை மறந்துபோடவேண்டியதுதான் எண்டு அந்த அம்மா என்னட்டைத் தெளிவாய்ச் சொன்னா. நான் அதை அவரிட்டைத் தமிழிலை மூண்டு தரம் சொன்னன். தலையை ஆட்டினார்.

அதுக்குப் பிறகு அந்தக் கரையிலை செத்தவீடு எண்டால் என்ன செய்வார் தெரியுமோ. வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தின்ர நடுவுக்குப் போய், அந்தச் செப்புத் தகட்டுக்கு இஞ்சாலை நிப்பார். ஒரு சாண் அங்காலை கால் வைக்கமாட்டார். எங்கட கரையிலையிருந்து செத்தவீட்டுக்குப் போற ஆக்கள் அவரைக் கடந்துதான் போகவேணும். கண்டவுடனை, "என்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுங்கோ" எண்டு சொல்லுவார். கிரியை முடியிற நேரம்மட்டும் நிண்டுபோட்டு வருவார். மழையெண்டாலும், பனியெண்டாலும் அப்பிடித்தான்.

இந்தக் கோலத்திலை ரெயில் வந்துது. வந்துது எண்டால், வரப்போகுது எண்ட கதை வந்துது. ஆத்தங்கரையாலை சரக்கு வண்டி ஓடின ஒரு பழைய தண்டவாளம் புல்லு முளைச்சுக் கிடந்தது. அதிலை ஆக்களை ஏத்துற ரெயில் விடப்போறாங்களாம். இந்தப் பக்கத்துக்கு ஒரேயொரு தரிப்பிடம்தானாம். அது இந்தக் கரையோ, அந்தக் கரையோ. ரெண்டு ஊரும் பதாகை கட்டி, துண்டுப் பிரசுரம் அடிச்சு, கையெழுத்து வேண்டத் தொடங்கிச்சினம். பாலத்தடியாரிட்டை ரெண்டு பக்கமும் பிரசுரக் கட்டைக் குடுத்துவிட்டிருக்கு. அவர் போறவைக்கு ரெண்டையும் சேர்த்துக் குடுத்தார். அதுக்கும் பேச்சு வாங்கினார். எங்கட கரைச் சனம் அவரை அங்கத்தை ஒற்றன் எண்டுது, அங்கத்தைச் சனம் இஞ்சத்தை ஒற்றன் எண்டுது.

வெள்ளைக்காரர் பதாகையோடை நிண்டிட்டினம். எங்கட ஆக்கள் அப்பிடி விடுவினமோ. ரெயில் வாற பக்கத்திலைதான் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் எடுக்கவேணும் எண்டு ஒரு கூட்டம் வைச்சம். அந்தக் கரைக்காகக் கதைச்சது என்ர சிநேகிதி. இந்த நாட்டுக்கு வந்த புதிசிலை அகதி முகாமிலை மேல்கட்டிலிலை அவ, கீழ்க்கட்டிலிலை நான். எனக்கு அம்மை வந்தபோது பக்கத்திலை இருந்து தலை கோதிவிட்டவ. அவ்வளவு பேருக்கு முன்னாலை எழும்பி நிண்டு, "உனக்கு எப்பவும் உன்ர வாசலிலைதான் ரெயில் வந்து நிக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டா. சனம் சிரிச்சுது. நானும் சும்மா இருக்கேல்லை, அவவின்ர புருசன் விட்டிட்டுப் போனதைச் சொல்லிக் குத்தினன். இப்ப நினைக்க நாக்கைப் பிடுங்கலாம் போல கிடக்கு. அண்டையோடை பள்ளி ரெண்டாச்சு, பொங்கல் ரெண்டாச்சு. ஒண்டரை வருசம் நாங்கள் ரெண்டுபேரும் கதைக்கேல்லை. ரெயிலும் வரேல்லை.

பிறகு அவவுக்கு வருத்தம் எண்டு கேள்விப்பட்டன். போகவேணும் எண்டு நினைச்சன், போகேல்லை. முதலிலை அவ எடுக்கட்டும் எண்டு ரெலிபோனைப் பாத்துக்கொண்டிருந்தன். அவ எடுக்கேல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப்போனா.

எங்கட கரை வட்சப் குழுவிலை ஒரு சத்தமும் இல்லை. போகவேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. போவம் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. கிரியை நாள் காலமை நான் வேலைக்கு லீவு போட்டிட்டு, குளிச்சு, கடும்நீலச் சேலை உடுத்து, குசினிக் கதிரையிலை இருந்தன். கார்த் திறப்பு மேசையிலை. கையை நீட்டினால் எடுக்கலாம்.

அப்பதான் மணி அடிச்சுது. பாலத்தடியார். என்ர வாசலுக்கு அந்த மனுசன் வந்தது அதுதான் முதல்தரம். வெள்ளைச் சேட்டு மழையிலை நனைஞ்சு உடம்போடை ஒட்டிக் கிடந்துது.

"பாலத்தாலை ஒருத்தரும் போகேல்லை தங்கச்சி. விடியத்தொடக்கம் நிக்கிறன்."

எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை எண்டு சொன்னன். எனக்கே கேக்க வெக்கமாய் இருந்துது. அவர் என்ர சேலையைப் பாத்தார், பிறகு மேசையிலை கிடந்த திறப்பைப் பாத்தார். எனக்கு விசர் வந்திட்டுது. உங்கட அலுவலைப் பாருங்கோ அண்ணை, விண்ணப்பம் இப்ப கன்டோனிலை கிடக்கு, அடுத்த மாசம் முடிவு வந்திடும், தகட்டுக்கு அங்காலை கால் வைச்சியள் எண்டால் எல்லாம் போச்சு எண்டு அடுக்கினன். நான் சொல்லி முடியுமட்டும் நிண்டு கேட்டார்.

"இந்தக் கரையிலையிருந்து ஒருத்தரும் போகாட்டிச் சரியில்லை. நீங்கள் வந்தால் காரிலை வாறன், வராட்டி நடந்து போறன்."

காரிலை அஞ்சு நிமிசம். பின்சீற்றிலை இருத்திக் கொண்டுபோய், கிரியை முடியத் திருப்பிக் கொண்டந்து விட்டிருக்கலாம். ஒரு குருவிக்கும் தெரிஞ்சிராது. நான் போகமாட்டன் எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினன். அடிச்சுச் சாத்தேல்லை, மெதுவாய்த்தான் சாத்தினனான். யன்னலாலை பாத்தன். பையைத் தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு ஆத்துப் பக்கம் நடந்துபோனார்.

திரும்பி வரேக்கை, அங்காலை பஸ் தரிப்பிடத்திலை, வழமையான சோதினையிலை பொலிஸ் மறிச்சிருக்கு. எங்கை போட்டு வாறாய் எண்டு கேட்டிருக்கிறாங்கள். தெரியாது, வழிமாறி வந்திட்டன் எண்டு ஒரு பொய்யைச் சொல்லித் துலைச்சிருக்கலாம். செத்தவீட்டுக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லியிருக்கிறார். செத்தது உனக்கு என்ன முறை எண்டு கேட்க, ஒரு முறையும் இல்லை எண்டிருக்கிறார். எல்லாம் எழுத்திலை போயிட்டுது. விண்ணப்பம் திரும்பி வந்துது. கெமைண்ட அம்மா தாயின்ர கட்டிலடியிலை இருந்து கண்ணைத் துடைச்சா. எனக்கு அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

நான் பாலத்தடிக்குப் போய் அந்த மனுசனைப் பேசின பேச்சு இருக்கே. ரோட்டிலை போன வெள்ளைக்காரர் நிண்டு பாத்திச்சினம். ரெண்டு வருசம், பத்தொன்பது கடுதாசி, ஜேர்மன் வகுப்பு, ஒவ்வொரு கந்தோர் வாசலாய் நான் நிண்டது, எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிக் கத்தினன். அவ உங்களுக்கு ஆர், ஒரு தேத்தண்ணி தந்தவவோ, ஒரு நாள் வீட்டை கூப்பிட்டவவோ எண்டு கேட்டன்.

"உங்கட சிநேகிதியெல்லோ" எண்டார்.

ஒரு கிழமையாலை வாங்கு வெறுமையாய்க் கிடந்துது. விடுதியிலை கட்டிலுக்கு வேற ஆள் வந்திட்டுது. பாரிசுக்குப் போயிட்டார் எண்டு ஒரு கதை, இத்தாலியிலை கண்டது எண்டு இன்னொரு கதை. எங்கையோ ஒரு செத்தவீட்டிலை கோப்பை பொறுக்கிக்கொண்டு நிப்பார் எண்டு நினைச்சுக்கொள்ளுவன். அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால் எனக்கு ஆர் சொல்லப்போகினம்? அதை நினைச்சாலும் திரும்பக் கோவம்தான் வருகுது.

ரெயில் போன வருசம் வந்துது. தரிப்பிடம் இந்தக் கரையுமில்லை, அந்தக் கரையுமில்லை. ரெண்டு ஊருக்கும் வெளியிலை, சோளத் தோட்டத்துக்கு நடுவிலை கட்டியிருக்கிறாங்கள். ரெண்டு ஊரின்ர பேரையும் ஒரே பலகையிலை எழுதியிருக்கு. ரெண்டு கரைச் சனமும் பஸ் பிடிச்சுத்தான் ரெயிலுக்குப் போறது.

போன மாசம் அந்த ரெயிலிலை வில்லுக்குப் போகேக்கை, முன்சீற்றிலை ஒரு பெட்டை வந்து இருந்தாள். என்ர சிநேகிதியின்ர மகள். தாயின்ர அதே நெத்தி. எனக்கு எழும்பி வேற பெட்டிக்குப் போவமோ எண்டு இருந்துது. அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டாள்.

தான் கனநாளாய் எனக்கு நன்றி சொல்லவேணும் எண்டு நினைச்சவளாம். அம்மாவின்ர கடைசிக் காரியத்துக்கு எங்கட கரையிலையிருந்து வந்தது நான் ஒராள்தானாம். தான் அழுதுகொண்டு இருந்தபடியாலை என்னைக் கண்ட ஞாபகமில்லையாம், பிறகு புத்தகத்திலைதான் பாத்தவளாம். மண்டப வாசலிலை வாற ஆக்கள் பேர் எழுத வைக்கிற புத்தகம். ரெலிபோனை எடுத்து அந்தப் பக்கத்தின்ர படத்தைக் காட்டினாள்.

கடைசி வரியிலை என்ர முழுப்பேர் இருந்துது. எழுத்துகளை ஒண்டோடை ஒண்டு முட்டாமல், நிமித்தி நிமித்தி எழுதியிருந்துது. அந்தக் கையெழுத்தோடை ரெண்டு வருசம் படிவம் நிரப்பினவள் நான், எனக்குத் தெரியாதோ. பக்கத்தை மேலையும் கீழையும் தள்ளித் தள்ளிப் பாத்தன். அவற்ற பேர் ஒரு இடத்திலையும் இல்லை.

"நீங்கள் வருவியள் எண்டு அம்மா சொல்லிக்கொண்டிருந்தவ, அன்ரி" எண்டாள்.

ரெயில் ஆத்தைத் தாண்டிக்கொண்டிருந்துது. யன்னலாலை பழைய பாலம் தெரிஞ்சுது.

"ஓம் பிள்ளை," எண்டன், "வந்தனான்."